பம்பை மாற்றுவதற்கு முன்

பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கும் மத்தியதரக் குடும்பத்தார் மெக்கானிக்கிடம் கொண்டுபோகும் குறைகளுள் மிகவும் சாதாரணமானது, வண்டி முன்போல் சாவியைத் திருப்பியவுடன் கிளம்புவதில்லை, செல்ஃப் மோட்டார் வெகுநேரம் சுற்றிய பிறகுதான் இன்ஜின் பிடிக்கிறது என்பதாகும். இதைக் கேட்டவுடன் நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், பானெட்டைத் திறந்து ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, ‘பம்ப் போயிடுச்சு சார், மாத்திடலாம்’ என்று சொல்லிவிடுவதுதான். பம்ப் மாறுகிறது, சில தினங்கள் சௌகரியமாக இருப்பதுபோல் தோன்றுகிறது, பிறகு அதே குறை மறுபடியும் தலைகாட்டுகிறது. அப்புறம் ஸ்பார்க் பிளக், அப்புறம் இன்ஜெக்டர் கழுவுதல், அப்புறம் பாட்டரி என்று செலவு வளர்ந்துகொண்டே போய், கடைசியில் ‘பழைய வண்டி சார், இவ்வளவுதான் வரும், கொடுத்துட்டு வேற எடுத்துக்கங்க’ என்ற உபதேசத்தில் விவகாரம் முடிகிறது. இத்தனை மாற்றங்களுக்கும் நடுவில் ஒரு தடவையாவது, பெட்ரோல் குழாயில் அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு பிரஷர் கேஜை மாட்டி யாரும் பார்ப்பதில்லை. அளந்து பாராமல் சாமானை மாற்றும் இந்த வழக்கம் ஒழியவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அது ஒழியவேண்டுமானால் மெக்கானிக்குகளைக் காட்டிலும் வண்டிக்காரர்களாகிய நாமே முதலில் மாறவேண்டும் என்பதும் அந்த அபிப்பிராயத்தோடு சேர்ந்ததே.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அதற்கு ஒரு நியாயமான பூர்வ சரித்திரம் இருப்பது தெரியவரும். அம்பாஸடரும், பிரீமியர் பத்மினியும், ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஓடிய காலத்தில் இன்ஜினுக்குப் பெட்ரோலை அனுப்பியது இன்ஜினோடு ஒட்டியிருந்த ஒரு சாதாரண டயஃப்ரம் பம்ப். அதன் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ அளவுதான். கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் வந்து தேங்கி நின்றால் போதும். மிச்சத்தைக் காற்றின் உறிஞ்சுதல் கவனித்துக்கொள்ளும். அந்த ஏற்பாட்டில் கண்ணும் காதும் மூக்கும் விரலுமே போதுமான கருவிகளாயிருந்தன. குழாயைக் கழற்றிக் கையில் பிடித்து, இன்ஜினைச் சுற்றவிட்டு, பெட்ரோல் துள்ளி விழும் லட்சணத்தைப் பார்த்தே பம்பின் ஆரோக்கியத்தைச் சொல்லிவிடும் சாமர்த்தியசாலிகள் மதுரையிலும் கோவையிலும் திருச்சியிலும் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களுடைய ஞானத்தை நான் குறைத்து மதிப்பவனல்ல.

ஆனால் 2000-ம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியிலிருந்து தேசம் முழுவதும் ஈயம் கலவாத பெட்ரோல் வந்து, அதே ஆண்டு ஏப்ரலில் புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் இறுகியபோது, புதிய கார்களிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றுக்கொள்ள ஆரம்பித்தது. மாருதி 800 முதற்கொண்டு எல்லாச் சிறு கார்களிலும் இன்ஜெக்டர்கள் வந்துவிட்டன. பெட்ரோல் டாங்கிக்குள்ளேயே முழுகிக் கிடக்கும் ஒரு மின்சார பம்ப், கால் கிலோவுக்குப் பதிலாகச் சுமார் மூன்று கிலோ அழுத்தத்தில் பெட்ரோலை அனுப்பும் புதிய ஏற்பாடு அமலுக்கு வந்தது. அழுத்தம் பன்மடங்கு உயர்ந்தது. குழாயைக் கழற்றிக் கையில் பிடித்துப் பார்ப்பது பிரயோஜனமற்றதாகவும் அபாயகரமானதாகவும் ஆயிற்று. ஆனால் பட்டறையின் பழக்கம் மட்டும் மாறவில்லை. அந்தத் தலைமுறைக் கார்கள்தாம் இன்று இருபது வயதையும் தாண்டி, ‘லேட் ஸ்டார்டிங்’ என்ற வியாதியோடு பட்டறை வாசலில் நிற்கின்றன.

இந்த ஏற்பாட்டின் உள் விஷயத்தைச் சற்று நிதானமாகப் புரிந்துகொள்வது ஒவ்வொரு வண்டிக்காரருக்கும் நல்லது. சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியவுடன், செல்ஃப் அடிப்பதற்கு முன்பே, பின் சீட்டுக்கடியிலிருந்து இரண்டு மூன்று வினாடி நேரம் ‘ஙொய்’ என்று ஒரு மெல்லிய சப்தம் கேட்கும். அது பம்ப் ஓடிக் குழாயில் அழுத்தத்தை நிரப்பும் சப்தம். பிறகு பம்ப் நின்றுவிடும். இன்ஜின் சுற்ற ஆரம்பித்த பின்புதான் மறுபடியும் ஓடும். குழாயின் மறுகோடியில் இருக்கும் ரெகுலேட்டர் என்ற சிறு உறுப்பு, தேவைக்கு மிஞ்சிய பெட்ரோலைத் திரும்பவும் டாங்கிக்கே அனுப்பி, அழுத்தத்தை ஒரு நிர்ணயமான அளவில் காத்துவருகிறது. கம்ப்யூட்டரின் ஆணைப்படி ஒவ்வொரு இன்ஜெக்டரும் ஒரு வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் மட்டுமே திறந்து மூடுகிறது. இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. எவ்வளவு நேரம் திறக்கவேண்டும் என்று கணக்கிடும் கம்ப்யூட்டர், குழாயில் அழுத்தம் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்தக் கணக்கைப் போடுகிறது. அழுத்தத்தை அறிந்துகொள்ள அந்தக் காலத்துக் கார்கள் பெரும்பாலானவற்றில் அதற்கு ஒரு சென்ஸார்கூடக் கிடையாது. ஆகையால், இப்போது எல்லாப் பட்டறைகளிலும் பெருமையோடு மாட்டப்படும் ஸ்கேனர் கருவி இந்த விஷயத்தில் வாய் திறப்பதில்லை. ‘ஸ்கேன் பண்ணியாச்சு சார், ஒரு கோடும் வரல’ என்று சொன்னால், அழுத்தத்தில் குறையில்லை என்று அதற்குப் பொருளல்ல. அழுத்தத்தைப் பற்றி யாரும் இன்னும் கேட்கவில்லை என்பதே பொருள்.

பரிசோதனையில் முதலாவது செய்யவேண்டியது, வண்டிக்காரர் சொல்லும் குறை எந்த ஜாதியைச் சேர்ந்தது என்று பிரித்தறிவது. செல்ஃப் மோட்டாரே மந்தமாக, முக்கி முனகிச் சுற்றுகிறதா, அல்லது அது சுறுசுறுப்பாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கத் தாமதிக்கிறதா? இரண்டும் வெவ்வேறு வியாதிகள். முதல் வகையில் பெட்ரோலுக்குச் சம்பந்தமே இல்லை. பாட்டரியும், அதன் முனைகளில் பூத்திருக்கும் பச்சை வெள்ளைப் பூஞ்சையும், இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையேயுள்ள எர்த் ஒயரும், செல்ஃப் மோட்டாரின் கார்பனும் புஷ்ஷுமே அங்கே விசாரிக்கத் தக்கவை. நிறைந்த பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுமானால் பாட்டரியின் மேலோ, அளவுக்கு மீறி மின்சாரம் குடிக்கும் செல்ஃப் மோட்டாரின் மேலோ சந்தேகம் கொள்ளலாம். சென்னைப் பாடியில் 1961-ல் தோன்றிய லூகாஸ் டிவிஎஸ் நிறுவனத்தின் புண்ணியத்தில் செல்ஃப் மோட்டார் பற்றிய அறிவு நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்கு மிக ஆழமாக உண்டு. வோல்ட் மீட்டரை வைத்துப் பார்க்காமல் அவர்கள் பாட்டரியைக் குற்றம் சொல்வதில்லை. மின்சாரத்தில் இருக்கும் இந்த நல்ல வழக்கம் பெட்ரோலுக்கு மட்டும் ஏன் வராமற்போயிற்று என்பதே என் ஆதங்கம்.

இரண்டாம் வகைதான் நாம் பேசவந்த விஷயம். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. ஐந்து வினாடி, எட்டு வினாடி ஆகிறது. பிறகு இன்ஜின் பிடித்து, அதன்பின் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது. ஓடத் தொடங்கியபின் குறையே இல்லை என்ற இந்த ஒரு தகவலே, பம்ப் செத்துவிட்டது என்ற தீர்ப்புக்கு விரோதமான சாட்சி. கிணற்று மோட்டார் வைத்திருக்கும் வீடுகளில் ஃபுட் வால்வு பழுதானால் என்ன நடக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். மோட்டார் புத்தம் புதியதாகவே இருக்கலாம். ஆனாலும் நிறுத்தியவுடன் குழாயில் உள்ள தண்ணீரெல்லாம் கிணற்றுக்குத் திரும்பிவிடுவதால், மறுநாள் காலையில் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றினாலொழிய அது இறைக்காது. காரிலும் பம்பின் வாயில் அப்படியொரு வால்வு இருக்கிறது. இன்ஜினை நிறுத்திய பிறகும் குழாயில் அழுத்தம் மணிக்கணக்கில் நிற்கவேண்டும் என்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. அது கசிந்தாலும், ரெகுலேட்டர் கசிந்தாலும், இன்ஜெக்டர் ஒன்று சொட்டினாலும் அழுத்தம் வடிந்துபோகும். மறுபடியும் அது நிரம்பும் வரையில் செல்ஃப் சுற்றிக்கொண்டேயிருக்கும்.

இதை அறிய வண்டிக்காரரே செய்யக்கூடிய ஒரு சுலபமான சோதனை உண்டு. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். காலையில் முதன்முதலாகக் கிளப்பும்போது, சாவியை ‘ஆன்’ செய்து, பம்பின் சப்தம் நின்றபின் ‘ஆஃப்’ செய்து, இவ்விதம் மூன்று நான்கு முறை திருப்பியபிறகு செல்ஃப் அடித்துப் பாருங்கள். அப்படிச் செய்தால் வண்டி உடனே கிளம்புகிறது, செய்யாவிட்டால் தாமதிக்கிறது என்றால், இரவில் அழுத்தம் வடிந்துபோகிறது என்பது ஏறக்குறைய நிச்சயம். சாவியைத் திருப்பியும் அந்த ‘ஙொய்’ சப்தமே கேட்கவில்லையென்றால் ஃப்யூஸையும் ரிலேயையும் முதலில் பார்க்கவேண்டும்.

அடுத்தது கேஜ். திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்த ஒரு சிறு பட்டறையில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் பழைய மாருதி எஸ்டீமுக்கு நடந்த பரிசோதனையை அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. வேறொரு பட்டறையில் பம்பை மாற்றவேண்டும் என்று சொல்லி அனுப்பப்பட்ட வண்டி அது. மெக்கானிக் முதலில் பம்பின் ரிலேயைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிட்டார்; குழாயில் இருந்த பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் தானாக நின்றது. பிறகு பாட்டரியின் எர்த்தைக் கழற்றி, மூட்டின் கீழே துணியைப் பிடித்துக்கொண்டு, இன்ஜின் பக்கத்து பெட்ரோல் குழாயை மெதுவாகத் தளர்த்தி, இடையில் ஒரு டீ மூட்டு வைத்து கேஜை மாட்டினார். உதவிக்கு இருந்த பையனிடம், ‘தம்பி, அந்த ஃபயர் சிலிண்டரைக் கைக்கு எட்டுற மாதிரி வை’ என்றார். பெட்ரோல் விஷயத்தில் இந்த எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் குறைக்கக் கூடாது. பீடியும் செல்போனும் தெருவிலேயே நிற்கவேண்டும்.

எர்த்தையும் ரிலேயையும் திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பியதும் கேஜின் முள் எழும்பி மூன்று கிலோவுக்கு மிக அருகில் போய் நின்றது. அந்த இன்ஜினுக்கு அது சரியான அளவு. இன்ஜினைக் கிளப்பியதும் இரண்டரைக்குச் சற்றுக் கீழே இறங்கியது. ரெகுலேட்டரின் தலையிலுள்ள வாக்குவம் குழாயைக் கழற்றியதும் மறுபடியும் மூன்றை எட்டியது. அதுவும் சரியே. கழற்றிய அந்தச் சிறு ரப்பர்க் குழாயை மெக்கானிக் மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். பெட்ரோல் வாசனை இல்லை. உள்ளிருக்கும் டயஃப்ரம் கிழியவில்லை என்பதற்கு அது சாட்சி. ‘பம்ப் நல்லாத்தான் இருக்கு சார்’ என்று அவர் சொன்னபோது ஆசிரியரின் முகம் மலர்ந்ததைவிடக் குழம்பியதுதான் அதிகம். இன்ஜினை நிறுத்தினார்கள். நல்ல வண்டியில் ஒரு நிமிஷம் கழித்தும் முள் இரண்டு கிலோவுக்கு மேலே நிற்கவேண்டும். இங்கேயோ, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கடிகாரத்தின் வினாடி முள்ளைப்போல் அது இடப்பக்கமாக இறங்கிக்கொண்டே வந்து, நிமிஷம் நிறைவதற்குள் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது.

குறை இருப்பது தெரிந்தது. இருக்கும் இடம் தெரியவேண்டுமே. மறுபடியும் சாவியைத் திருப்பி அழுத்தத்தை ஏற்றி, பம்ப் நின்றவுடனே, டாங்கியிலிருந்து வரும் ரப்பர்க் குழாயை அதற்கென்று உள்ள வழுவழுப்பான கிளாம்பினால் நெருக்கினார். முள் முன்போலவே இறங்கியது. ஆகவே பம்பின் வால்வு குற்றவாளி அல்ல. அடுத்து அந்தக் கிளாம்பை எடுத்துவிட்டு, மறுபடியும் அழுத்தம் ஏற்றி, டாங்கிக்குத் திரும்பிப் போகும் குழாயை நெருக்கினார். முள் அசையாமல் நின்றது. பெட்ரோல் ரெகுலேட்டரின் வழியாகத்தான் டாங்கிக்கு வடிகிறது என்பது அப்போது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாயிற்று. இரண்டு குழாய்களை நெருக்கியும் முள் இறங்கியிருந்தால் இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பார்த்திருப்பார்கள். சொட்டும் இன்ஜெக்டர் உள்ள சிலிண்டரின் பிளக் ஈரமாயும் கருப்பாயும் இருக்கும். ரெகுலேட்டரின் விலை பம்பின் விலையைக் காட்டிலும் வெகு குறைவு. அதை மாற்ற டாங்கியை இறக்கவேண்டிய அவசியமும் இல்லை. கேஜை மாட்டியதிலிருந்து தீர்ப்புச் சொல்லும் வரையில் ஆன நேரம் ஒரு மணிக்கும் குறைவு. அந்த ஒரு மணி நேரத்தில் நான் கண்டது சாதுரியமோ கைராசியோ அல்ல. ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தேகங்களை நீக்கிக்கொண்டு போகும் ஒழுங்கு. அந்த ஒழுங்கை யாரும் கற்றுக்கொள்ள முடியும்.

அழுத்தமே ஏறவில்லை, ஒன்றரை கிலோவோடு முள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதுகூடப் பம்பின் மேல் உடனே தீர்ப்பெழுதுவது நியாயமல்ல. பம்புக்குப் போகும் மின்சாரம் முழுமையாகப் போகிறதா என்று அதன் கனெக்டரிலேயே, பம்ப் ஓடும்போதே அளக்கவேண்டும். பாட்டரியில் 12 வோல்ட் இருக்க அங்கே 9 வோல்ட்தான் வந்து சேர்கிறதென்றால், களிம்பேறிய கனெக்டரோ, கருகிய ரிலேயோ, துருப்பிடித்த எர்த்தோ நடுவில் தின்றுவிடுகிறது. அங்கே புதுப் பம்பை வைத்தாலும் அது பழைய பம்பைப்போலவே நோஞ்சானாக ஓடும். ஃபில்டர் அடைத்திருந்தால் சும்மா நிற்கும்போது அழுத்தம் சரியாகக் காட்டி, மேடேறும்போது விழுந்துவிடும்; அதனால் அழுத்தத்தோடு அளவையும், அதாவது குறித்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் வருகிறது என்பதையும் பார்ப்பது உத்தமம். புதுப் பம்ப் மாட்டியதும் சில தினங்கள் குறை மறைவதற்குக்கூடப் பல சமயங்களில் களிம்பேறிய கனெக்டரே காரணம்: பம்பைக் கழற்றி மாட்டும்போது அந்தக் கனெக்டரும் கழன்று மாட்டப்பட்டு, களிம்பு சற்றே உதிர்ந்துவிடுகிறது.

அழுத்தம் எல்லா விதத்திலும் சரியாக இருந்து, ஆயினும் குளிர்ந்த நிலையில் வண்டி தாமதித்தால், தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்ஸாரைச் சந்தேகிக்கலாம். மேலே சொன்ன மாருதி ஏற்பாட்டில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓமும் 80 டிகிரியில் 300 ஓமும் காட்டவேண்டிய அது, பழுதாகி எப்போதும் சூடாயிருப்பதாகவே பொய் சொன்னால், கம்ப்யூட்டர் காலை வேளைக்கு வேண்டிய அதிகப் பெட்ரோலைக் கொடுக்காது. சமவெளியில் இது அவ்வளவாகத் தெரியாது. அதே வண்டியை மார்கழியில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ கொண்டுபோனால் தெரியும். சூடான நிலையில் மட்டும் தாமதித்தால், இன்ஜின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்ஸாரையும் விட்டுவிடாமல் பார்க்கவேண்டும்.

நம் நாட்டு வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. சித்திரை வைகாசியில் வேலூரிலோ கரூரிலோ நெடுந்தூரம் ஓட்டிவந்த வண்டியை அரைமணி நேரம் நிறுத்தினால், இன்ஜினின் சூடு முழுவதும் பானெட்டுக்குள்ளேயே தங்கிக் குழாய்களைக் கொதிக்கவைக்கிறது. அழுத்தம் நின்றுகொண்டிருக்கும் வரையில் பெட்ரோல் ஆவியாவதில்லை; அழுத்தம் வடிந்துவிட்ட குழாயிலோ அது குமிழ்குமிழாக ஆவியாகி நின்றுவிடுகிறது. குளிர் தேசங்களில் பெரும்பாலும் காலை வேளையில் தலைகாட்டும் இக்குறை, நம்மிடத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்திய வண்டியிலும் தோன்றுவதன் காரணம் இதுதான். வெளிநாட்டு அனுபவத்தை அப்படியே படித்துவிட்டு இங்கே தீர்ப்புச் சொல்வோர் இதைக் கவனிப்பது நலம்.

பம்பை அகால மரணத்துக்கு ஆளாக்கும் ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டாங்கிக்குள் முழுகியிருக்கும் பம்புக்குக் குளிர்ச்சி தருவது அதைச் சுற்றியுள்ள பெட்ரோலே. எப்போதும் ரிசர்வில் ஓட்டி, பங்க்கில் இருநூறு ரூபாய்க்கு மட்டும் போட்டுக்கொண்டு வருபவர்கள், பம்பைத் தினந்தோறும் சூட்டில் வாட்டுகிறார்கள்; டாங்கியின் அடியில் தங்கிய கசடையும் அதன் சல்லடைக்கு ஊட்டுகிறார்கள். கால் டாங்கிக்குக் கீழே போகவிடாமல் பார்த்துக்கொள்வது பெரிய செலவல்ல. டாங்கியில் எவ்வளவு இருந்தாலும் ஓட்டத்துக்கு ஆகும் பெட்ரோல் அதேதான்.

இப்போது எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றி நாடெங்கும் விவாதம் நடக்கிறது. 2022-ல் நூற்றுக்குப் பத்து என்ற கலவை அளவை எட்டிய நம் தேசம், 2025-ல் இருபதை எட்டிவிட்டது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள்தாம் இருபது சதவிகிதக் கலவையைத் தாங்கும் ரப்பரும் உலோகமும் கொண்டு செய்யப்படுபவை. பழைய வண்டிக்காரர்களின் கவலை அஸ்திவாரமற்றதல்ல. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடையது. டாங்கியில் படிந்த பழைய கசடை இளக்கி ஃபில்டருக்குக் கொண்டுவரக்கூடியது. அதற்காகச் செய்யப்படாத ரப்பரை நாளடைவில் கெடுக்கக்கூடியது. ஆகையால் பழைய கார்களில் ஃபில்டரையும் ரப்பர்க் குழாய்களையும் முன்னைவிட அடிக்கடி கவனிக்கவேண்டியது அவசியமே. ஆனால் இன்று பட்டறைக்கு வரும் ஒவ்வொரு தாமதத்தையும் எத்தனாலின் தலையில் ஏற்றிவிடும் புதிய வழக்கத்தை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். குறிப்பிட்ட ஒரு வண்டியில் எத்தனால் செய்த தீங்கு என்ன என்பதையும் கேஜும் மீட்டரும்தான் சொல்லவேண்டும். அளவின்றிப் பேசினால், சர்க்காரைக் குறைகூறும் நியாயமான வாதமும் வலுவிழந்துபோகும்.

இனி, அளக்கும் வழக்கம் ஏன் பரவவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். கேஜ் கிடைக்காத பொருளல்ல, சென்னை ஜி.பி. ரோட்டிலும் கோவையிலும் வாங்கலாம். ஒரு பம்பின் விலைக்கும் குறைவாகவே கிடைக்கும். மெக்கானிக்குகளுக்கு அறிவு போதாது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். உண்மையான காரணம் நம்முடைய கூலி கொடுக்கும் முறையில் இருக்கிறது. ஒரு மணி நேரம் பாடுபட்டு, ‘உங்கள் பம்ப் நன்றாக இருக்கிறது, இந்தக் கனெக்டரைச் சுத்தம் செய்தேன், சரியாகிவிட்டது’ என்று சொல்லும் மெக்கானிக்குக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? ‘ஒண்ணும் மாத்தலையே, சும்மா பார்த்ததுக்கா இவ்வளவு?’ என்று பேரம் பேசுகிறோம். அதே மனிதர் தேவையில்லாத பம்ப் ஒன்றை மாட்டி ஆயிரக்கணக்கில் பில் கொடுத்தால், பழைய பம்பைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு, மறுபேச்சின்றிப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். சாமானுக்குக் காசு, புத்திக்குக் காசில்லை என்ற இந்தத் தர்மத்தை வகுத்தவர்கள் நாம்தாம். அதில் உண்மையாக உழைப்பவன் பட்டினி கிடக்கிறான். ஊகித்து மாற்றுபவன் பிழைத்துக்கொள்கிறான். வாடகையும் பையன்களின் சம்பளமும் கொடுக்கவேண்டிய ஒரு சிறு பட்டறைக்காரர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை யாரும் சொல்லவேண்டியதில்லை.

கல்வியின் பங்கும் இதில் உண்டு. நம் அரசு ஐ.டி.ஐ.களில் இரண்டு வருஷ மோட்டார் மெக்கானிக் படிப்புப் படித்து வெளிவரும் இளைஞர்கள், பட்டறையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, படித்ததை மறந்துவிடும்படி சொல்லப்படுகிறார்கள். அவர்கள் கையில் கேஜையும் மல்டிமீட்டரையும் கொடுத்து, அளந்ததை நோட்டில் எழுதவைப்பதே சரியான அப்ரண்டிஸ் பயிற்சி. இன்னொரு தடையும் இருக்கிறது. எந்த இன்ஜினுக்கு எவ்வளவு அழுத்தம் என்று சொல்லும் பட்டறைக் கையேடுகள் கம்பெனி டீலர்களிடத்திலேயே அடைபட்டுக் கிடக்கின்றன, கிடைப்பவையும் இங்கிலீஷில்தான். மத்திய சர்க்காரின் நுகர்வோர் விவகார இலாகா 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணைய வாசலைத் தொடங்கி, மோட்டார் வாகனங்களையும் அதில் சேர்த்தது. உற்பத்தி நின்றுபோன கார்களின் கையேடுகளையாவது, அவற்றிலுள்ள அளவுகளையாவது, கம்பெனிகள் அங்கே தாராளமாக வெளியிடவேண்டும். அவற்றைத் தமிழில் தருவதைத் தமிழக அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளவேண்டும். இவை இரண்டும் பெரும் பொருட்செலவு கோரும் காரியங்களல்ல.

பழைய காருக்காக இவ்வளவு மெனக்கெடவேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. பதினைந்து வருஷம் நிறைந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமே 2022 ஏப்ரலில் அறுநூறு ரூபாயிலிருந்து ஐயாயிரமாக உயர்ந்தது. அதைக் கட்டிவிட்டு வண்டியை வைத்திருப்பவர்கள் வேடிக்கைக்காக வைத்திருக்கவில்லை. வயதான தாயாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதற்கும், கிராமத்துக் கோயில் கொடைக்குக் குடும்பத்தோடு போய்வருவதற்கும், புதுக் காரின் மாதத் தவணையைச் சுமக்க இயலாதவர்கள் நம்பியிருக்கும் வாகனம் அது. கசியும் ஒரு சிறு ரெகுலேட்டருக்காக அந்த வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்புவது சிக்கனமும் அல்ல, சுற்றுச்சூழலுக்குச் செய்யும் உபகாரமும் அல்ல.

ஆகவே வண்டிக்காரர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். அடுத்த முறை உங்கள் கார் கிளம்பத் தாமதித்தால், மெக்கானிக்கிடம் போய் ‘பம்பை மாத்துங்க’ என்று சொல்லாதீர்கள்; காலையிலா மத்தியானத்திலா, செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறதா வேகமாகச் சுற்றுகிறதா, சாவியை மூன்று தரம் திருப்பினால் குறை மறைகிறதா என்பவற்றை விவரமாகச் சொல்லுங்கள். எந்தச் சாமானை மாற்றுவதற்கு முன்பும் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஓடும்போது எவ்வளவு, நிறுத்தி ஒரு நிமிஷம் கழித்து எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அளந்து பார்த்ததற்கு அவர் கேட்கும் கூலியை, சாமான் ஒன்றும் மாறாவிட்டாலும், பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.